ஒரு தீப்பெட்டியும் ஒரு மூட்டை சிமெண்டும்: கூடுதலாகக் கொடுத்த காசு யாரிடம் போனது?

விடுதிச் சாப்பாடு, வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் பார்த்த படங்கள், ஆண்டு விழா நாடகம் பற்றியெல்லாம் எழுத இந்த மலரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் எனக்கு விலையைப் பற்றி எழுதத் தோன்றியது. ஆனைக்குட்டத்துக்காரன் விலையைப் பற்றிப் பேசாமல் வேறு யார் பேசுவது? எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் விருதுநகர், மறுபக்கம் திருத்தங்கல், சிவகாசி. சாத்தூர் ரோட்டில் போனால் ஆர்.ஆர். நகர் சிமெண்ட் ஆலை. தீப்பெட்டியும் பட்டாசும் சிமெண்டும் பருப்பும் எண்ணெயும் எங்களைச் சுற்றித்தான் விலையாகின்றன.

விருதுநகரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. எதுவும் விளையாத ஊர், ஆனால் எல்லாவற்றுக்கும் விலை வைக்கிற ஊர் என்பார்கள். விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பத்திரிகையில் வராத வாரம் கிடையாது. மல்லி, வத்தல், துவரம்பருப்பு, பாமாயில் எல்லாம் அதில் இருக்கும். இந்த வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்து, அந்தப் பணத்தில் 1889ல் ஷத்திரிய வித்யாசாலாவைத் தொடங்கினார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. மகமையும் கடைசியில் விலையில் ஏறிய காசுதானே என்று மாணவத் தம்பி தங்கைகள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். விலையில் கொஞ்சம் கூடுதலாகப் போன காசு பள்ளிக்கூடமாகத் திரும்பி வந்த ஊர் இது. எல்லாக் கூடுதல் காசும் அப்படித் திரும்பி வருவதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

வேடிக்கையாக, மூன்று சம்பவங்கள் ஒரே ஆண்டில் வந்து சேர்கின்றன. விருதுப்பட்டி, விருதுநகர் ஆனது 1923ல். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியதும் 1923. பம்பாய் பக்கம் விம்கோ என்ற வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி ஏற்பட்டதும் அதே 1923. அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தா போய்த் தீக்குச்சி செய்யக் கற்றுத் திரும்பிய கதை எல்லோருக்கும் தெரியும். விம்கோவின் பின்னால் இருந்தவரைப் பற்றி நம் ஊரில் பேசுவது குறைவு. அவர் ஸ்வீடன் நாட்டுக்காரர், இவார் குரூகர்.

இந்த மனிதரைப் பற்றி எங்கள் பேராசிரியர் யாரும் வகுப்பில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் தூங்கியிருக்க மாட்டோம்! முதல் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பிய அரசாங்கங்கள் பணமில்லாமல் தவித்துக் கொண்டிருந்தன. குரூகர் போய், "உங்களுக்குக் கடன் தருகிறேன். உங்கள் நாட்டில் தீப்பெட்டி விற்கும் உரிமையை எனக்கு மட்டும் கொடுங்கள்" என்றார். போலந்து 1925ல் கொடுத்தது. ஜெர்மனிக்கு அவர் கொடுக்க ஒப்புக்கொண்ட கடன் 12.5 கோடி டாலர். அதற்குப் பதிலாக 1930ல் வந்த ஜெர்மன் தீப்பெட்டி ஏகபோகச் சட்டம் 1983 ஜனவரியில்தான் முடிவுக்கு வந்தது. நடுவில் ஹிட்லர் வந்து போனார், நாடு இரண்டாக உடைந்தது. மேற்கு ஜெர்மனியில் தீப்பெட்டி ஏகபோகம் மட்டும் அசையவில்லை. குரூகர் 1932 மார்ச்சில் பாரிஸில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தார். கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தபோது பாதி பொய். ஆனால் தீப்பெட்டிக் கம்பெனி சாகவில்லை.

உலகத் தீப்பெட்டி உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரு காலத்தில் அவர் கையில் இருந்தது என்று மதிப்பிடுகிறார்கள். அதை எப்படிப் பிடித்தார் என்பது நம் கடைத்தெரு ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெரிய கடைக்காரன் ஆறு மாதம் நட்டத்துக்கு விற்பான். பக்கத்துச் சின்னக் கடை பூட்டும். அப்புறம் பெரிய கடையில் விலை ஏறும். இதையே நாடு நாடாகச் செய்தால் அது குரூகர் வேலை.

இந்தியாவில் என்ன நடந்தது? 1922ல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரியை குரோஸுக்கு ஒன்றரை ரூபாயாக ஆங்கில அரசு உயர்த்தியது. (குரோஸ் என்றால் 144 பெட்டி. இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன், சிவகாசிக்காரர்கள் மன்னிக்கவும்.) கஜானா காலியாக இருந்ததால் போட்ட வரி அது. நம் தொழிலை வளர்க்கும் நோக்கம் அப்போது இல்லை. ஆனால் அந்த மதிலுக்கு உள்ளே இரண்டு பேர் வளர்ந்தார்கள். ஒருவர் சிவகாசி, இன்னொருவர் விம்கோ. வெளியே இருந்து பெட்டி அனுப்பினால்தானே வரி, உள்ளேயே ஆலை போட்டுவிட்டால் வரி ஏது என்று ஸ்வீடன்காரர் கணக்குப் போட்டார். அம்பர்நாத், கல்கத்தா, பரேலி, நம் சென்னையில் திருவொற்றியூர் என்று ஆலைகள் எழும்பின.

சின்ன உற்பத்தியாளர்கள் அரசாங்கத்திடம் முறையிட, 1926ல் விஷயம் டாரிஃப் போர்டுக்குப் போனது. ஸ்வீடிஷ் கம்பெனியின் போட்டி நியாயமானதா என்பதும் அங்கே விவாதிக்கப்பட்டது. 1928ல் தீப்பெட்டித் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இறக்குமதி வரி பாதுகாப்பு வரியாக மாறியது. உள்ளே உட்கார்ந்திருந்த விம்கோவும் அந்தப் பாதுகாப்பில்தான் இருந்தது. 1934ல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் கலால் வரி வந்தது. விசாரணை, அறிக்கை, சட்டம் எல்லாம் நடந்தன. விவாதம் முழுவதும் உற்பத்தி செய்பவருக்கும் உற்பத்தி செய்பவருக்கும் நடுவில். அடுப்புப் பற்ற வைக்கத் தீப்பெட்டி வாங்கியவரை யாரும் கட்சிக்காரராகவே நினைக்கவில்லை.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான். 1944ல் அமெரிக்க அரசு, ஸ்வீடிஷ் மேட்ச், டயமண்ட் மேட்ச் முதலிய கம்பெனிகள் உலகச் சந்தையைப் பங்கு போட்டுக் கொண்டன என்று வழக்குப் போட்டது. 1946ல் சமரசத் தீர்ப்பு. அரசும் கம்பெனிகளும் கையெழுத்துப் போட்டார்கள். பெட்டி வாங்கியவர்கள் அந்த வழக்கிலும் கட்சி இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாட்டில் விம்கோவை வீழ்த்தியது எந்த நீதிமன்றமும் இல்லை, கலால் வரி அட்டவணைதான். ஆண்டு உற்பத்தியைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று பிரித்து, பெரிய இயந்திர ஆலைக்கு அதிக வரி, குடிசைத் தொழிலுக்குக் குறைந்த வரி என்று வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸ் ஊருக்கு நாலு என்று முளைத்தது அதனால்தான். (தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்று சொல்வது எங்கள் வட்டாரத்தின் கௌரவம்!) சில முதலாளிகள் ஒரே தொழிலைப் பல பெயரில் பிரித்து வைத்துச் சலுகை வாங்கினார்கள் என்பதும் ஊரறிந்த விஷயம். கடைசியில் 2005ல் விம்கோவை ஐ.டி.சி. வாங்கிவிட்டது. குரூகரின் வாரிசு இந்தியாவை விட்டுப் போனது அப்படித்தான்.

இதை வெற்றிக் கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். நிறைய மலர்களில் அப்படித்தான் முடிந்திருக்கிறது. ஆனால் சிவகாசித் தீப்பெட்டி மலிவாக இருந்ததற்கு வரிச் சலுகை மட்டும் காரணம் இல்லையே. கட்டை அடுக்கிய, பெட்டி ஒட்டிய கைகளில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளின் கைகளும் இருந்தன. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்து ஊர் ஊராக ஏற்றிக் கொண்டு போகும். உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு கிளம்பியதே சிவகாசியை வைத்துத்தான். ஏகபோகத்துக்கு எதிராக நின்ற மலிவு விலையில் ஒரு பகுதியை அந்தப் பிள்ளைகள் கொடுத்தார்கள். நுகர்வோர் நலன் என்று பேசும்போது இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக் கொள்ளாவிட்டால் நான் படித்த பொருளாதாரத்துக்கு அர்த்தமில்லை.

வாங்கியவர் கூட்டமாகப் போனால்

விலையைக் கூட்டாக ஏற்றினார்கள் என்றே வைத்துக் கொள்வோம். தீப்பெட்டிக்கு ஐம்பது பைசா கூடுதல். மாதம் நாலு பெட்டி. வருஷத்துக்கு இருபத்து நாலு ரூபாய். இதற்காக யார் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி வழக்குப் போடுவார்? டிக்கெட் காசுக்கே காணாது. ஏகபோகக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். ஒவ்வொருவரிடமும் கொஞ்சம், எல்லோரிடமும் சேர்த்தால் கோடிகள்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருவரோ சிலரோ, தங்களைப் போல ஏமாந்த அத்தனை பேருக்காகவும் ஒரே வழக்காகப் போடுவது. அதற்கான விதியை இப்போதைய வடிவத்துக்கு 1966ல் திருத்தினார்கள். ஏகபோகத்துக்கு எதிரான ஷெர்மன் சட்டம் 1890லேயே வந்துவிட்டது. இழப்பைப் போல மூன்று மடங்கு கேட்கலாம் என்பது 1914ம் ஆண்டு கிளேட்டன் சட்டத்திலும் இருக்கிறது. மூன்று மடங்கும் கூட்டு வழக்கும் சேர்ந்தால் எந்தக் கம்பெனிக்கும் வயிற்றைக் கலக்கும். அதனால் பெரும்பாலான வழக்குகள் தீர்ப்பு வரை போகாமல் சமரசத்தில் முடிகின்றன.

சமரசம் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு உதாரணம். இசைத்தட்டுக் கம்பெனிகள் கூடிப் பேசி சி.டி. விலையை இறங்காமல் வைத்திருந்தன என்று நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் வழக்குப் போட்டன. 2002ல் கம்பெனிகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே சமரசத்துக்கு வந்தன. ரொக்கம் சுமார் 6.7 கோடி டாலர். அதற்கு மேல் ஏழரைக் கோடி டாலர் மதிப்புள்ள சி.டி.க்கள் நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும். 2004ல் விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் வந்த காசோலை 13 டாலர் 86 சென்ட். நூலகங்களுக்கோ விற்காமல் கிடந்த சி.டி.க்கள், ஒரே ஆல்பம் கட்டுக்கட்டாகப் போய் இறங்கியதாக நூலகர்கள் புலம்பினார்கள். தீபாவளி முடிந்து மிஞ்சிய சரக்கைத் தள்ளிவிடுவது நம்மூரில் மட்டும்தான் என்று நினைத்தேன்!

இரண்டாவது, கலிபோர்னியாவில் மைக்ரோசாப்ட் மீதான வழக்கு. விண்டோஸுக்கு ஏகபோக விலை வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2003ல் 110 கோடி டாலர் வரை சமரசம். பணமாக இல்லை, 5 டாலர் முதல் 29 டாலர் வரை கூப்பன்கள். வேறு கம்பெனியின் கம்ப்யூட்டர் வாங்கவும் அதைப் பயன்படுத்தலாம். யாரும் கேட்டு வராமல் மிஞ்சிய தொகையில் மூன்றில் இரண்டு பங்கு வசதி குறைந்த அரசுப் பள்ளிகளுக்கு. இதைப் படித்தபோது எனக்கு நம் மகமைதான் ஞாபகத்துக்கு வந்தது.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. சட்டம் படிக்கிற நம் கல்லூரிப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். விண்டோஸை மைக்ரோசாப்டிடம் நேராக வாங்கியவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் செய்யும் கம்பெனிகள்தான். நாம் அவர்களிடம் வாங்குகிறோம். நடுவில் ஒரு கை மாறியிருக்கிறது. அப்படிக் கை மாறி வாங்கியவர் மத்தியச் சட்டத்தின் கீழ் நஷ்டஈடு கேட்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977ல் சொல்லிவிட்டது. 'இல்லினாய் பிரிக்' வழக்கு என்று அதற்குப் பெயர். கட்டடத்துக்கு வாங்கிய கான்கிரீட் கல்லின் விலையைப் பற்றியது. கல்லை வாங்கியவர் கொத்து வேலைக் காண்டிராக்டர், பணம் கொடுத்தது மாநில அரசு. காண்டிராக்டர்தான் வழக்குப் போடலாம், நீ போட முடியாது என்றது கோர்ட். கலிபோர்னியா தன் மாநிலச் சட்டத்தைத் திருத்தி, கை மாறி வாங்கியவரும் கேட்கலாம் என்று ஆக்கிக் கொண்டது. கூப்பன் கிடைத்தது அதனால்.

ஆர்.ஆர். நகர் வரை

நம் நாட்டுக்கு வருவோம். 1969ல் ஏகபோகத் தடைச் சட்டம், எம்.ஆர்.டி.பி. சட்டம் என்று எங்கள் பாடத்தில் மனப்பாடம் செய்தோமே அது, வந்தது. "இனிமேல் செய்யாதே" என்று உத்தரவு போடும் கமிஷன். அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. 1986ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் 12(1)(சி) என்று ஒரு பிரிவு: ஒரே நலன் உள்ள பல நுகர்வோருக்காக ஒருவரோ சிலரோ புகார் கொடுக்கலாம். அமெரிக்கக் கூட்டு வழக்கின் சின்னத் தம்பி என்று வைத்துக் கொள்ளுங்கள். 2019ம் ஆண்டுப் புதிய சட்டத்தில் அது 35(1)(சி). 2002ல் போட்டிச் சட்டம். விலைக் கூட்டணிக்கு எதிரான அதன் பிரிவுகள் 2009 மே 20ல் நடைமுறைக்கு வந்தன.

புதுச் சட்டத்தில் சிக்கிய பெரிய மீன் சிமெண்ட். சிமெண்டுக்கு இருந்த விலைக் கட்டுப்பாடு 1982ல் பாதி, 1989ல் முழுதாக நீங்கியது. அன்றிலிருந்தே கம்பெனிகள் பேசி வைத்து விலை ஏற்றுகின்றன என்ற புகார் இருந்தது. பழைய எம்.ஆர்.டி.பி. கமிஷன் விசாரித்து 2007ல் "செய்யாதே" என்றது. 2010ல் இந்தியக் கட்டுநர் சங்கம் புதிய போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2012 ஜூன் 20ல் உத்தரவு: பதினோரு கம்பெனிகளுக்கு மொத்தம் 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம்.

அந்தப் பதினொன்றில் நம் மெட்ராஸ் சிமெண்ட்ஸும் ஒன்று. பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கி, அவர் பெயரிலேயே ஆர்.ஆர். நகரில் 1960களின் தொடக்கத்தில் முதல் ஆலையை ஓட்டிய கம்பெனி. 2013 முதல் ராம்கோ சிமெண்ட்ஸ். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒருவராவது அந்த ஆலைக் கூலியில் சாப்பிட்டிருப்பார்கள்! அதன் பங்குக்கு வந்த அபராதம் 258 கோடி ரூபாய்க்கு மேல். இந்தியா சிமெண்ட்ஸுக்கு 187 கோடி.

ஆணையத்திடம் "இன்ன தேதியில் இன்ன விலை வைப்போம்" என்று கையெழுத்துப் போட்ட காகிதம் எதுவும் இல்லை. 2010 தொடக்கத்தில் சிமெண்ட் உற்பத்தியாளர் சங்கக் கூட்டங்கள் நடந்தன. அதையடுத்து விலை ஏறியது. ஆலையில் திறன் இருந்தும் உற்பத்தி குறைந்தது. எல்லோர் விலையும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கியது. இப்படிச் சூழ்நிலைச் சாட்சியம்தான். கம்பெனிகள், "சிமெண்ட் ஒரே மாதிரிப் பொருள், ஒருவர் ஏற்றினால் மற்றவர் ஏற்றுவது இயல்பு" என்றன. இதுவும் ஒதுக்கிவிடக் கூடிய வாதம் இல்லை. விருதுநகர் மார்க்கெட்டில் ஒரு கடையில் வத்தல் விலை ஏறினால் அடுத்த கடையிலும் பத்து நிமிஷத்தில் ஏறும், சங்கக் கூட்டம் போட்டா ஏற்றுகிறார்கள்?

அப்பீல் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் உத்தரவை ரத்து செய்தது. காரணம் சிமெண்ட் இல்லை. வாதங்களைக் கேட்காத தலைவர் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இது இயற்கை நீதிக்கு விரோதம் என்றார்கள். ஆணையம் மறுபடி கேட்டு 2016 ஆகஸ்ட் 31ல் திரும்பவும் அபராதம் போட்டது. 2018 ஜூலையில் தேசியக் கம்பெனிச் சட்ட அப்பீல் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போயின. அபராதத்தில் பத்து சதவீதம் கட்டிவிட்டு வழக்கு நடத்த அனுமதி கிடைத்தது. ஆகவே குற்றம் இறுதியாக நிரூபணமாகிவிட்டது என்று நான் எழுதவில்லை. ஆலையில் வேலை பார்க்கும் நண்பர்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம்.

என் கேள்வி வேறு. அபராதம் முழுவதும் வசூலானால் அந்தப் பணம் எங்கே போகும்? சட்டத்தின் 47வது பிரிவில் பதில் இருக்கிறது: இந்திய அரசின் தொகுப்பு நிதிக்கு. 2010ல் ஆனைக்குட்டத்தில் ஆயிரம் சதுர அடி வீடு கட்டியவரை எடுத்துக் கொள்ளுங்கள். நூறு சதுர அடிக்கு 50 மூட்டை என்பது பின்னால் அரசு வைத்த கணக்கு. அப்படியானால் 500 மூட்டை. மூட்டைக்கு இருபது ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார் என்று பேச்சுக்கு வைத்தாலும் பத்தாயிரம் ரூபாய். கொத்தனார் கூலிக்குக் கடன் வாங்கியவருக்கு அது சின்னத் தொகையா? அந்தப் பத்தாயிரத்தில் ஒரு பைசா அவர் வீட்டு வாசலுக்கு அபராதத்தின் வழியாக வராது.

வரக்கூடிய வழியும் சட்டத்தில் இருக்கிறது. 53என் என்ற பிரிவு. விலைக் கூட்டணி என்று முடிவானபின், பாதிக்கப்பட்டவர் அப்பீல் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்கலாம். பலருக்காகச் சிலர் சேர்ந்தும் கேட்கலாம். ஆனால் முதலில் மூல வழக்கு முடிய வேண்டும். 2010ல் தொடங்கியது 2018ல் தீர்ப்பாயத்தில் நின்று உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அதற்குள் வீடு வெள்ளையடித்து, ஒழுகி, மறுபடி பூசியாகிவிட்டது. 2010ல் வாங்கிய சிமெண்ட் பில்லை யார் வைத்திருக்கிறார்கள்? சொல்லப் போனால், பில் போட்டு வாங்கியவர் எத்தனை பேர்? மேஸ்திரி மூலம் வாங்கியவர் கதை இன்னும் கஷ்டம், இல்லினாய் கல்லைப் போல.

தமிழ்நாட்டு அரசு கோர்ட்டுக்குக் காத்திருக்காமல் வேறு வழியில் போனது. 2014 செப்டம்பரில் அம்மா சிமெண்ட் திட்டம் அறிவித்தார்கள். வெளியில் மூட்டை முந்நூறைத் தாண்டியிருந்தபோது 190 ரூபாய். தனியார் ஆலைகளிடமே வாங்கி, வீடு கட்டுகிறவர்களுக்கு அளவு வைத்துக் கொடுத்தார்கள். 2021 நவம்பரில் அரசு நிறுவனமான டான்செம் 'வலிமை' என்ற பெயரில் சிமெண்ட் விற்கத் தொடங்கியது. டான்செமின் ஆலங்குளம் ஆலை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நடந்து முடிந்த ஏமாற்றுக்கு இது நஷ்டஈடு ஆகாது. ஆனால் அன்றைக்கு வீடு கட்டியவனுக்கு அன்றைக்கே உதவியது. 190 ரூபாய்க்கு அவர்களால் கொடுக்க முடிந்ததே, அப்படியானால் மிச்சம் எவ்வளவு என்று ஊரில் டீக்கடை டீக்கடையாகப் பேசினார்கள்.

நம் பெட்டி, நம் விலை

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடுவது அழகில்லை. 2021 அக்டோபரில் சிவகாசியில் ஐந்து தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கங்கள் கூடி, டிசம்பர் 1 முதல் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் என்று ஏகமனதாக முடிவு செய்து, பத்திரிகைக்கும் சொன்னார்கள். சிமெண்ட்காரர்கள் மூடிய அறையில் செய்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டதை நம் ஆட்கள் மைக் வைத்துச் சொன்னார்கள்! போட்டிச் சட்டத்தின் 3(3) பிரிவில், போட்டியாளர்களோ அவர்கள் சங்கமோ கூடி விலை நிர்ணயித்தால் அது போட்டிக்குக் கேடு என்றே சட்டம் அனுமானிக்கும். சின்னவன், பெரியவன் என்று அந்தப் பிரிவில் வித்தியாசம் இல்லை.

அந்த மாதம் எங்கள் தெருக் கடையில் நடந்த பேச்சு இது. "என்ன அண்ணாச்சி, ஒரேயடியா ரெண்டு ரூவா?" என்றேன். "நானா போட்டேன்? பெட்டியிலயே அடிச்சு வருது. ஒன்னேகால்னு அடிச்சா சில்லறைக்கு எங்க போவீங்க?" என்றார் அவர். எவ்வளவு பெரிய உண்மை! ஐம்பது பைசா 2007ல் ஒரு ரூபாய் ஆனது. பதினாலு வருஷம் அசையவில்லை. தீப்பெட்டி விலை நாணயம் நாணயமாகத்தான் தாவும். நடுவில் ஏறும் செலவைக் குச்சி எண்ணிக்கையிலும் கூலியிலும்தான் சரிக்கட்டுவார்கள்.

அன்று சங்கங்கள் சொன்ன கணக்கையும் பார்க்க வேண்டும். கிலோ 425 ரூபாயாக இருந்த சிவப்பு பாஸ்பரஸ் 810 ஆகிவிட்டது. மெழுகு 58லிருந்து 80. மேல்பெட்டி அட்டை 36லிருந்து 55. 600 பெட்டி கொண்ட பண்டலை 270 முதல் 300 ரூபாய்க்குக் கொடுத்து வந்தார்கள். கணக்குப் போடுங்கள்: பெட்டிக்கு 45 முதல் 50 பைசா. கடையில் ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டியில் செய்தவருக்கு வந்தது பாதி. புதிய பண்டல் விலை, வரியும் லாரி வாடகையும் சேர்க்காமல், 430 முதல் 480 ரூபாய். அதாவது 72 முதல் 80 பைசா. வாங்குபவருக்கு விலை இரண்டு மடங்கு. செய்பவருக்கு 60 சதவீதம். நடுவில் நின்ற பைசாக்களை வரி, லாரி, மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி பகிர்ந்து கொண்டார்கள். இதைக் குரூகரின் ஏகபோகத்தோடு ஒரே தராசில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. மூலப்பொருள் விலை இப்படி ஏறிய நேரத்தில், நூற்றுக்கணக்கான சின்ன ஆபீஸ்கள் ஆளுக்கொரு விலை சொன்னால் வடநாட்டு மொத்த வியாபாரி எல்லோரையும் அடித்துப் போட்டு வாங்குவான்.

ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். பெட்டிக்கு 27 முதல் 30 பைசா கூடியதில் கூலி எவ்வளவு கூடியது? இந்தத் தொழிலில் வேலை செய்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள் என்று சங்கங்களே சொல்கின்றன. ஆனைக்குட்டத்திலும் அமத்தூரிலும் அந்தப் பெட்டியைச் செய்கிற அக்காதான் சாயங்காலம் இரண்டு ரூபாய் கொடுத்து அதே பெட்டியை வாங்குகிறார். சட்டப் புத்தகம் அவரை வாங்குபவராக மட்டும் பார்க்கும். சங்கக் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது. (பட்டாசு விலையைப் பற்றிக் கேட்காதீர்கள். பெட்டியில் அச்சடித்த விலைக்கு எண்பது சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைக்கிற ஊரில் 'அதிகபட்ச விலை' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று தனிக் கட்டுரையே எழுதலாம்.)

பெரிய ஆலைகளுக்குத் தடையாக இருந்த சிறுதொழில் ஒதுக்கீடு தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் 2015ல் நீங்கியது. அடுத்த போட்டி பிளாஸ்டிக் லைட்டர். இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு 2023 ஜூனில் தடை செய்தது. 2024ல் லைட்டர் உதிரிபாகங்களுக்கும் தடை வந்தது. 1922ல் ஒன்றரை ரூபாய் வரி எழுப்பிய மதில் மாதிரியே இதுவும். வெளியே நிற்பவர் உள்ளே வந்து ஆலை போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பழைய கேள்வியும் அப்படியே இருக்கிறது.

சமரசம் என்ற சொல் இப்போது நம் போட்டிச் சட்டத்திலும் வந்துவிட்டது. 2023 திருத்தத்தின்படி, ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்திய வழக்கில் கம்பெனி பணம் கட்டி முடித்துக் கொள்ளலாம். 2025 ஏப்ரலில் ஆண்ட்ராய்டு டி.வி. விவகாரத்தில் கூகுள் 20.24 கோடி ரூபாய்க்கு முடித்துக் கொண்டதுதான் அந்த வகையில் முதல். போட்டியாளர்கள் கூடி விலை வைக்கும் கூட்டணிக்கு அந்தச் சலுகை கிடையாது. அப்படி முடித்த வழக்கிலும் நஷ்டஈடு கேட்க 53என் பிரிவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

நம் மாணவர்களுக்கு உபயோகமான இரண்டு தகவலோடு நிறுத்துகிறேன். போட்டி ஆணையத்தில் யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம், வாங்கியவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தனி நபருக்கும் நுகர்வோர் சங்கத்துக்கும் கட்டணம் 5,000 ரூபாய். மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமே இல்லை. பில் மட்டும் வாங்கி வையுங்கள்.